வட ஆற்காட்டுச் செம்மண் கொல்லையை அறிந்துகொள்வது எப்படி: படிப்படியான முழுமையான வழிகாட்டி

பழைய வட ஆற்காடு மாவட்டத்தில் மானாவாரி நிலம் வாங்கவோ குத்தகைக்கு எடுக்கவோ வருகிறவர்கள், வரப்பில் நின்றபடி ஒரு கைப்பிடி மண்ணை அள்ளிப் பார்த்து, நிறம் நல்ல சிவப்பாக இருந்தால் அதிலேயே மனநிறைவு கொண்டுவிடுகிறார்கள். நிறத்தை வைத்து ஒரு கொல்லையைப் பற்றித் தெரிந்துகொள்ளக் கூடியது மிகக் குறைவு. வேலூர் மாவட்டத்து அணைக்கட்டு என்னும் ஊர்ப்பக்கம் ஒரே பட்டாவில் அடங்கிய கொல்லை ஒன்றில், ஏறத்தாழ நூறு தப்படி இடைவெளியில் இரண்டு குழிகள் வெட்டிப் பார்த்தோம். மேற்பரப்பில் இரண்டு இடமும் ஒரே செந்நிறமாக இருந்தன. மேட்டுப்புறக் குழியில் ஓர் அடி இறங்கியதும் கடப்பாரை மொரம்பில், அதாவது அரைகுறையாகச் சிதைந்த பாறையில், முட்டியது. தாழ்ந்த பக்கத்தில் மூன்றடி தாண்டியும் மண் வந்துகொண்டே இருந்தது. அந்த ஆண்டு ஆவணியில் மழை பத்து நாள் இடைவெளி விட்டபோது, மேட்டுப்புறத்து வேர்க்கடலை இலை சுருண்டு வாடியது, தாழ்ந்த பக்கத்துப் பயிர் பசுமை குறையாமல் நின்றது. விதை, எரு, உழவு எல்லாம் இரண்டு பக்கத்துக்கும் ஒன்றுதான்.

செம்மண் நிலத்தை அதன் ஆழத்தையும் சரிவில் அது கிடக்கும் இடத்தையும் கொண்டே மதிப்பிட வேண்டும் என்பதே இந்த வழிகாட்டியின் அடிப்படை. 1989-இல் வட ஆற்காடு இரண்டாகப் பிரிந்து, அதில் வேலூர்ப் பகுதி 2019-இல் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்று மாவட்டங்களானது. இங்கே சொல்லப்படுவது இம்மூன்றுக்கும் பொருந்தும். திருவண்ணாமலை மாவட்டத்தின் பெரும்பகுதிக்கும் பொருந்தும்.

முதற்படி: மண்ணைத் தொடுமுன் நிலத்தின் கிடப்பைப் பாருங்கள்

ஜவ்வாது மலையும் ஏலகிரியும் கிழக்குத் தொடர்ச்சி மலையின் பகுதிகள். அவற்றுக்கும் வடக்கே ஆந்திர எல்லையை ஒட்டிய மலைகளுக்கும் நடுவில் பாலாறு மேற்கிலிருந்து கிழக்காக இறங்குகிறது. கருநாடகத்தின் நந்தி மலையில் தோன்றும் அந்த ஆறு வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், ஆற்காடு வழியாக வந்து கடலை அடைகிறது. ஆண்டின் பெரும்பகுதி அது வெறும் மணலாகக் கிடக்கும். 2021 நவம்பரில் கரைபுரண்டு ஓடியதைப் பார்த்தவர்களுக்கு அதன் மற்றொரு முகமும் தெரியும். ஆற்றை ஒட்டிய நிலத்தில் ஆறு கொண்டுவந்த மணலும் வண்டலும் கிடக்கின்றன. அது வேறு மண். செம்மண் என்று நாம் சொல்வது பெரும்பாலும் மலைக்கும் ஆற்றுக்கும் இடைப்பட்ட அலை அலையான மேட்டு நிலங்களில், அடியிலுள்ள பாறை நின்ற இடத்திலேயே சிதைந்து உண்டானது.

அந்தப் பாறை நைஸ், கிரானைட், சார்னோக்கைட் ஆகிய மிகப் பழைய படிகப் பாறை வகைகளைச் சேர்ந்தது. அதிலுள்ள கருநிறக் கனிமங்கள் சிதையும்போது இரும்பு வெளிப்படுகிறது. மழைக்காலத்தில் நனைந்தும் கோடையில் முற்றக் காய்ந்தும் மாறி மாறி இருப்பதால் அந்த இரும்பு ஹேமடைட் என்னும் சிவப்பு ஆக்சைடாக மாறி மண் துகள்களின்மேல் மெல்லிய பூச்சுப் போலப் படிகிறது. ஃபெல்ட்ஸ்பார் என்னும் வெளிர்நிறக் கனிமம் கயோலினைட் என்ற களியாகிறது. எளிதில் சிதையாத குவார்ட்ஸ் மணலாகவும், நம் ஊர்களில் வெங்கச்சங்கல் என்று சொல்லும் வெள்ளைக் கற்களாகவும் தங்கிவிடுகிறது. இரும்புப் பூச்சு மிகச் சிறிதளவு இருந்தாலே மண் முழுவதும் சிவந்துவிடும் என்பதால்தான் சிவப்பை வளத்தின் அடையாளமாகக் கொள்ளக் கூடாது என்கிறேன்.

இப்போது உங்கள் கொல்லையின் மிக உயர்ந்த மூலையில் நின்று, மழைநீர் ஓடும் போக்கிலேயே ஏரிவரை நடந்து பாருங்கள். ஒரே நடையில் நான்கு வகை நிலங்களைக் கடப்பீர்கள். மேட்டின் உச்சியிலும் குன்றின் அடியிலும் சரளை கலந்த, ஆழமற்ற செம்மண் இருக்கும். இடைச்சரிவில் மணல் கலந்த செவ்வல் ஓரளவு ஆழத்தோடு இருக்கும். சரிவு தணியும் இடத்தில், மேலிருந்து அரித்து வந்த நுண்மண் சேர்ந்து, மண் ஆழமாகவும் களி மிகுந்தும் காணப்படும். இதுவே மானாவாரிக்கு மிகச் சிறந்த இடம். அதற்கும் கீழே, ஏரிப் பாசனக் கழனிகளில் நிறம் பழுப்பாகவும் கருமையாகவும் மாறும். மேட்டில் கரைந்த சுண்ணாம்பும் உப்புகளும் நீரோடு இறங்கி அங்கே தங்குவதால் சில இடங்களில் சுண்ணாம்புக் கட்டிகளான சுக்கான் கல்லும், உப்பேறிக் கெட்ட நிலமாகிய களரும் தோன்றுகின்றன. காவேரிப்பாக்கம் ஏரி போன்ற பேரேரிகளும், ஊருக்கு ஊர் உள்ள சிற்றேரிகளும் இந்தச் சரிவின் அமைப்பை நன்றாக அறிந்தவர்கள் கட்டியவை. ஏரிக்கரைக்கு மேலே கொல்லை, கீழே கழனி என்ற பிரிவே மண்ணின் பிரிவும்கூட.

நடக்கும்போது ஒரு கோட்டுப்படம் வரைந்து, இந்த நான்கு பகுதிகளில் உங்கள் நிலம் எங்கெங்கு விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஆவாரை அடர்ந்து வெங்கச்சங்கல் சிதறிக் கிடக்கும் இடத்தையும் தனியே குறியுங்கள். அங்கே மேல்மண் ஏற்கெனவே அரித்துப் போயிருக்கும்.

இரண்டாம் படி: குழி வெட்டிப் பாருங்கள்

மற்ற எல்லாச் சோதனைகளையும் விட்டுவிட்டாலும் இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். கோட்டுப்படத்தில் குறித்த ஒவ்வொரு பகுதியிலும் ஒரு குழியாவது வேண்டும். இரண்டடி அகலம், மூன்றடி நீளம், முடிந்தால் மூன்றடி ஆழம் போதும். ஒரு பக்கச் சுவர் காலை வெயில் படும்படி செங்குத்தாக இருக்கட்டும். வெட்டும்போது மேல்மண்ணை ஒரு பக்கமும் அடிமண்ணை மறுபக்கமும் குவியுங்கள். மூடும்போது அடிமண் அடியிலும் மேல்மண் மேலேயும் போய்ச் சேர வேண்டும்.

சுவரைக் கத்தியால் செதுக்கிவிட்டு மேலிருந்து கீழாகப் பாருங்கள். முதல் 15 செ.மீ. வரை மணற்பாங்காக, வெளிறிய செந்நிறத்தில், உதிரியாக இருக்கும். அதற்குக் கீழே நிறம் ஆழ்ந்து, மண் கட்டிகட்டியாக, தொட்டால் பிசுபிசுப்பாக மாறும். மேலிருந்த களியை மழைநீர் பல்லாயிரம் ஆண்டுகளாகக் கீழே இறக்கிச் சேர்த்ததன் விளைவு அது. மண்ணியலார் இத்தகைய மண்ணை ஆல்ஃபிசால் என்ற வகுப்பில் வைப்பதற்கு அந்தக் களியடுக்கே முதன்மைக் காரணம். மானாவாரிக்காரருக்கு அது நீர்ச் சேமிப்புத் தொட்டி. அதற்கும் கீழே பாறையின் அமைப்பு கலையாமல், ஆனால் கடப்பாரையால் குத்தினால் உதிரும்படியாக, மொரம்பு வரும். வேர் பெரும்பாலும் அதுவரைதான் போகும்.

எத்தனை செ.மீ. ஆழத்தில் மொரம்பு வருகிறது என்பதை அளந்து எழுதுங்கள். பிறகு கத்தி முனையால் சுவரை மேலிருந்து கீழாகக் குத்திக்கொண்டே வாருங்கள். ஏறத்தாழ 15 முதல் 30 செ.மீ. ஆழத்துக்குள் ஓரிடத்தில் முனை இறங்க மறுத்து, அதற்குக் கீழே மீண்டும் இளகினால், அங்கே அடிமண் இறுக்கம் இருக்கிறது. ஆண்டுதோறும் ஒரே ஆழத்தில் உழுவதும், ஈரத்தில் டிராக்டர் இறங்குவதும் அதை உண்டாக்குகின்றன. வேர்கள் அந்த இடத்தில் பக்கவாட்டில் மடங்கியிருப்பதைக் கண்ணாலேயே காணலாம்.

ஒவ்வோர் அடுக்கிலும் கல் எவ்வளவு என்றும் கணக்கிட வேண்டும். ஒரு பக்கெட் மண்ணை எடுத்துச் சல்லடையில் சலித்துக் கல்லையும் மண்ணையும் தனித்தனியே அளந்தால் போதும். பக்கெட்டில் பத்தில் நான்கு பங்கு கல் என்றால், அந்த அடுக்கின் ஆழத்தில் பத்தில் ஆறு பங்கைத்தான் மண்ணாகக் கொள்ள வேண்டும். கல்லில் ஈரம் ஏறக்குறைய நிற்பதில்லை.

மூன்றாம் படி: கையால் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஒவ்வோர் அடுக்கிலிருந்தும் ஒரு பிடி மண்ணை எடுத்து, தண்ணீர் தெளித்து, சப்பாத்தி மாவுப் பதத்துக்குப் பிசைந்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் வைத்து நாடாவாகத் தள்ளுங்கள். நாடா வராமலே உடைந்தால் மணற்பாங்கு, இரண்டு செ.மீ. அளவில் உடைந்தால் மணலோடு சிறிது களி கலந்த மணற்சாரி, நான்கு செ.மீ.க்கு மேல் நீண்டால் களி மிகுதி. நம் செம்மண்ணில் மேலடுக்கு முதல் இரண்டில் ஒன்றாகவும், நடு அடுக்கு அதைவிட நீளமான நாடா தருவதாகவும் இருக்கும். மேலும் கீழும் ஒரே மாதிரி மணலாக இருந்தால், அங்கே சேமிப்புத் தொட்டியே இல்லை என்று பொருள்.

அடுத்தது மேலோடு. நல்ல மழைக்குப் பின் இரண்டு நாள் வெயில் காய்ந்ததும் இந்த மண்ணின் மேல் ஓர் ஓடு படியும். மழைத்துளி வந்து மோதுவதால் மண் கட்டிகள் சிதறி, நுண்துகள்கள் துளைகளை அடைத்துக் காய்ந்து இறுகுவதால் வருவது அது. மட்கு, அதாவது மக்கிய இலைதழை, குறைவாக இருப்பதும் இரும்பு ஆக்சைடு ஒட்டுப்பொருளாக அமைவதும் அதைக் கெட்டிப்படுத்துகின்றன. கேழ்வரகு, சாமை போன்ற சிறு விதைகளின் முளை இதை முட்டித் திறக்க முடியாமல் உள்ளேயே மடிந்துவிடும். மழையில் ஒரு பங்கு உள்ளே இறங்காமல் ஓடிவிடுவதும் இதனால்தான். சோதனை எளிது: மேல்மண்ணின் காய்ந்த சிறு கட்டி ஒன்றை ஒரு டம்ளர் தெளிந்த தண்ணீரில் மெல்ல இடுங்கள். சில நிமிடங்களில் அது சரிந்து சேறானால் உங்கள் நிலத்தில் ஓடு படிவது உறுதி. மரத்தடி மண்கட்டியையும் வேலி ஓர மண்கட்டியையும் அருகிலேயே இன்னொரு டம்ளரில் இட்டுப் பார்த்தால், மட்கு என்ன செய்கிறது என்பது உடனே விளங்கும்.

சுண்ணாம்பு இருக்கிறதா என்று பார்க்க, அடிமண்மேல் எலுமிச்சைச் சாறு அல்லது வினிகரைச் சொட்டுங்கள்; இருந்தால் நுரைக்கும். மேட்டுச் செம்மண் பொதுவாக நுரைக்காது. தாழ்வில் நுரைத்தால் கழனி மண்ணின் எல்லை அதுவரை வந்துவிட்டது.

நான்காம் படி: ஆய்வகத்துக்கு மண் அனுப்புதல்

பகுதிக்கு ஒரு மாதிரியாக அனுப்புங்கள். மேட்டையும் தாழ்வையும் கலந்தால் முடிவு இரண்டுக்குமே பொருந்தாது. ஒவ்வொரு பகுதியிலும் பத்துப் பதினைந்து இடங்களில் ஆங்கில 'வி' எழுத்து வடிவில் 15 செ.மீ. ஆழத்துக்கு வெட்டி, ஓரத்திலிருந்து ஒரே கனத்தில் மண் சீவி, எல்லாவற்றையும் கலந்து, நான்காகப் பகுத்து எதிரெதிர் இரண்டு பங்கை நீக்கி, அரைக் கிலோ வரும்வரை குறையுங்கள். எருக்குவியல், மரநிழல், வரப்பு ஓரம், அண்மையில் உரம் இட்ட இடம் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். வேலூர்ப் பக்கத்தார் விரிஞ்சிபுரத்திலுள்ள வேளாண் ஆராய்ச்சி நிலையத்தையும் வேளாண் அறிவியல் நிலையத்தையும் அணுகி வழிமுறை கேட்கலாம்.

ஆய்வு முடிவு எழுதிய மண்வள அட்டை வந்ததும் என்ன பார்ப்பது? கார அமில நிலை (pH) 6-க்கும் 7.5-க்கும் இடையில் இருப்பது இந்த மண்ணின் இயல்பு. தழைச்சத்து எக்டேருக்கு 280 கிலோவுக்கும், மணிச்சத்து 11 கிலோவுக்கும் கீழே இருந்தால் குறைவு என்று தமிழ்நாட்டில் வகைப்படுத்துகிறார்கள். செம்மண்ணில் இவை குறைவாக வருவதைக் கண்டு திகைக்க வேண்டாம். கயோலினைட் களியால் சத்துகளை அதிகமாகப் பிடித்து வைத்திருக்க முடியாது. ஆகவே உரத்தை ஒரே தடவையில் கொட்டுவதைவிட, பிரித்து, ஈரம் இருக்கும்போது இடுவதே இந்த மண்ணுக்கு ஏற்றது. கரிமச்சத்து அரை விழுக்காட்டுக்குக் கீழே இருப்பதும் பொதுவானது; இந்த வெயிலில் மட்கு விரைவாக எரிந்துபோகும்.

உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துத் திறன் மீட்டருக்கு 1 டெசிசீமனுக்கு மேல் இருந்தால் மட்டும் நின்று யோசியுங்கள். மேட்டுச் செம்மண்ணில் உப்பு இயல்பாகச் சேராது; சேர்ந்திருந்தால் பாசன நீரைச் சோதிக்க வேண்டும். வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை வட்டாரங்களில் தோல் பதனிடும் கழிவுநீர் நிலத்தையும் கிணறுகளையும் எப்படிக் கெடுத்தது என்பது நாடறிந்தது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்து, மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. அந்த வட்டாரங்களில் நிலம் பார்ப்பவர்கள் மண்ணோடு கிணற்று நீரையும் கட்டாயம் சோதிக்க வேண்டும்.

ஐந்தாம் படி: மழையை மண்ணோடு சேர்த்துக் கணக்கிடுதல்

வேலூர் கடலிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. சுற்றிலும் மொட்டைப் பாறைக் குன்றுகள். மே மாதத்தில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். ஆண்டு மழை ஏறத்தாழ 950 முதல் 1000 மி.மீ. என்று கேட்கும்போது குறைவாகத் தோன்றாது. ஆனால் வெயிலும் காற்றும் ஓர் ஆண்டில் நிலத்திடம் கேட்கும் நீர் அதைப்போல ஒன்றரை மடங்குக்கும் மேல். அதனால்தான் இது வறட்சி சார்ந்த நிலம்.

தஞ்சை போலன்றி இங்கே இரண்டு பருவமழையும் பயன்படுகின்றன. தென்மேற்குப் பருவம் வடகிழக்குக்குச் சற்றும் குறைந்ததல்ல. ஆடி, ஆவணி, புரட்டாசியில் பகலெல்லாம் புழுங்கி, மாலையில் இடியோடு பெய்வது தென்மேற்குப் பருவ மழை. அரைமணி நேரத்தில் கொட்டிவிடும், பக்கத்து ஊரில் ஒரு துளியும் விழாது. ஐப்பசி, கார்த்திகையில் வங்கக் கடல் தாழ்வு மண்டலங்களோடு வருவது வடகிழக்கு மழை. அது பரவலாகவும் தொடர்ந்தும் பெய்யும். ஓடு படியும் மண்ணுக்கு முதல் வகை மழை கடினமானது. இரண்டு இடிமழைகளுக்கு இடையில் பத்துப் பதினைந்து நாள் வறண்டு கிடப்பதும் அந்தப் பருவத்தின் இயல்பே.

இனி உங்கள் குழி அளவை எடுங்கள். மணற்சாரிச் செம்மண் ஒவ்வொரு 10 செ.மீ. ஆழத்துக்கும் பயிருக்குக் கிடைக்கும் நீராக ஏறத்தாழ 12 மி.மீ. வைத்துக்கொள்ளும் என்று கொள்ளலாம். மேட்டுக் குழி 30 செ.மீ.; அதில் பத்தில் நான்கு பங்கு கல். முப்பதுக்கு 36 மி.மீ.; கல்லைக் கழித்தால் ஏறத்தாழ 22 மி.மீ. வளர்ந்த வேர்க்கடலைக்கு நாளொன்றுக்கு 5 மி.மீ. தேவை. நான்கே நாளில் தொட்டி காலியாகும். பாதி தீர்ந்த உடனேயே பயிர் திணறத் தொடங்கும் என்பதால் உண்மையில் இரண்டு நாள்தான் பாதுகாப்பு. தாழ்ந்த பக்கக் குழி 90 செ.மீ., கல் இல்லை. 108 மி.மீ. கிடைக்கும், அதில் பாதியைக் கொண்டே பத்து நாளுக்கு மேல் தாங்கும். மேலே சொன்ன அணைக்கட்டுக் கொல்லையில் ஆவணியில் நடந்தது இதுவே.

ஒரு மி.மீ. மழை ஓர் ஏக்கருக்கு ஏறத்தாழ 4,000 லிட்டர். 50 மி.மீ. மழையில் பாதி ஓடிவிட்டால் ஏக்கருக்கு ஒரு லட்சம் லிட்டர் போய்விடுகிறது. ஆனால் 22 மி.மீ. மட்டுமே கொள்ளும் மேட்டில் ஓட்டத்தைத் தடுத்தாலும் தங்காது. அங்கே வரப்பு கட்டுவது மண்ணைக் காக்க மட்டுமே உதவும், நீரைக் காக்க உதவுவது குறைவு. வரப்புக்கும் பண்ணைக் குட்டைக்கும் பணம் செலவழிக்குமுன் இந்தக் கணக்கைப் போடுங்கள்: தாழ்ந்த, ஆழமான பகுதியில் நீரை உள்ளே இறக்க வேண்டும், மேட்டில் ஓடும் நீரைக் கீழே ஒரு குட்டையில் பிடிக்க வேண்டும்.

ஆறாம் படி: கண்டதற்கேற்பச் செய்தல்

ஆழம் 30 செ.மீ.க்கும் குறைந்த சரளை மேட்டில் ஆண்டுப் பயிரை வற்புறுத்துவது வீண் என்பது என் கருத்து. புளி, வேம்பு, சீத்தா போன்ற மரங்களின் வேர் மொரம்பின் விரிசல்களில் நுழைந்து பிழைத்துக்கொள்ளும். பயிரே வேண்டுமென்றால் சாமையும் கொள்ளும் தாங்கும். ஜவ்வாது மலைச் சரிவுகளில் சாமை நிலைத்திருப்பது இதனால்தான்.

ஆழமான பகுதியில் வேர்க்கடலை முதன்மைப் பயிர். இந்த மண்ணின் இளக்கமான மேலடுக்கில், பூவிலிருந்து நீண்டு மண்ணுக்குள் போய்க் காயாகும் விழுது எளிதாக இறங்கும். அறுவடையில் செடியைப் பிடுங்கினால் காய் மண்ணிலேயே தங்காமல் வரும். கோடை மழை பெய்ததும் சரிவுக்குக் குறுக்கே உழுது, அடுத்தடுத்த மழையை உள்ளே வாங்கிக்கொண்டு, ஆடிப்பட்டத்தில் விதைக்க வேண்டும். நாற்பதிலிருந்து நாற்பத்தைந்தாம் நாளில் எக்டேருக்கு 200 கிலோ ஜிப்சத்தை இட்டு, கொத்தி, மண் அணைப்பது கட்டாயம். அடியுரமாக மற்றொரு 200 கிலோ. காய்க்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தும் கந்தகச் சத்தும் இதில் கிடைக்கின்றன. அதே கொத்தில் மேலோடும் உடைகிறது. அறுவடை ஐப்பசி மழையில் சிக்கினால் கொத்து வகைகளின் காய் மண்ணுக்குள்ளேயே முளைத்துவிடும் என்பதால் விதைப்பைத் தள்ளிப்போடாதீர்கள்.

டம்ளர்ச் சோதனையில் கட்டி சரிந்திருந்தால், எக்டேருக்கு இரண்டு டன் ஜிப்சம் அல்லது சுண்ணாம்பும், பத்து டன் தொழுவுரமும் இட்டு, பதமான ஈரத்தில் உழுவது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. அடிமண் இறுக்கம் தென்பட்டிருந்தால், மண்ணைப் புரட்டாமல் ஆழமாகக் கீறும் உளிக்கலப்பையை அரை மீட்டர் இடைவெளியில் குறுக்கும் நெடுக்குமாக ஓட்ட வேண்டும். மண் காய்ந்திருக்கும்போது ஓட்டினால்தான் இறுக்கம் உடையும், ஈரத்தில் ஓட்டினால் வெறும் கோடு விழும். மொரம்பு அருகிலிருந்தால் உளிக்கலப்பை வேண்டாம். கல்தான் மேலே வரும்.

எல்லாவற்றையும்விட நான் அழுத்திச் சொல்வது ஏரி வண்டலை. மேட்டிலிருந்து அரித்துப்போன களியும் மட்கும் போய்ச் சேர்ந்த இடம் ஏரி. கோடையில் ஏரி வற்றியபின், உரிய அனுமதியோடு அதை எடுத்துவந்து மணற்பாங்கான கொல்லையில் பரப்புவது, மண் இழந்ததை மண்ணுக்கே திருப்பிக் கொடுப்பது, ஏரியும் ஆழமாகிறது. எடுக்குமுன் வண்டலின் மின்கடத்துத் திறனைச் சோதியுங்கள். பரப்பியபின் முதல் மழைக்கு முன் ஆழமின்றி உழுது கலந்துவிடுங்கள், இல்லையேல் மேலே வெடித்துக் கிடக்கும்.

வேர்க்கடலை எடுத்த கையோடு, மண்ணில் பதம் இருக்கும்போதே, ஐப்பசியில் கொள்ளுப் பயிரை விதைத்துவிடலாம். தாழ்ந்த பகுதியின் 90 செ.மீ. ஆழத்தில் வடகிழக்கு மழை விட்டுச்சென்ற ஈரம் அதற்குத் தை வரை போதுமானது. பனியும் துணை செய்யும்.